முசியே அந்துவானின் இடது காது

நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட செட் ஒன்றுகூடப் பழுதோடு வெளியே போனதில்லை என்று முப்பது வருடத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்வேன், ரேஷன் கடை வரிசையில் சொல்வேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். போன கார்த்திகை மாதத்திலிருந்து சொல்வதில்லை.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் ஒரு மலர் போடுகிறார்களாம். "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்கக்கா. பெரும பேசாம நடந்தத எழுதுங்க" என்றார்கள். என்னை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் போலிருக்கிறது. அவர்கள் பார்ப்பது வேறு மாதிரி வேலை. பலகையை ஒரு மெஷினுக்குள் தள்ளினால் அது பச்சை விளக்கையோ சிவப்பு விளக்கையோ காட்டிவிடுகிறது. எங்கள் காலத்தில் அந்த விளக்கு நாங்கள்தான்.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியதும் வீட்டில் ஆளுக்கு ஒரு வேலை தேடினோம். நான் ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்தேன். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவுக்குப் பெண்கள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் சால்டரிங் அயர்னில் கை சுட்டுக்கொண்டேன், பிறகு சுட்டுக்கொள்ளவில்லை. பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு சண்முகவேலு சார். குரல் உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. உயர்த்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். காதில் எப்போதும் ஒரு பென்சில். அதன் ரப்பர் முனையால் ஆம்ப்ளிஃபயரைத் தட்டித் தட்டிக் கேட்பார், வைத்தியர் முதுகைத் தட்டுகிற மாதிரி. நாங்கள் ஒரு செட்டை முடித்து "ஓகே சார்" என்போம்.

"எதுக்கு ஓகே?"

"பாட்டு கேக்கறதுக்கு சார்."

"எந்தப் பாட்டுக்கு?"

இதற்குப் பதில் சொன்ன ஆள் கம்பெனியில் கிடையாது. செட்டை மறுபடி எடுத்து முதலில் இருந்து பார்ப்போம்.

அவருடைய இன்னொரு வழக்கம், எதையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இடது பக்கம் சத்தம் குறைவு என்றால் இடது வயரையும் வலது வயரையும் மாற்றிச் செருகச் சொல்வார். குறை வயரோடு போனால் குறை வெளியே. போகாமல் அதே பக்கம் நின்றால் குறை உள்ளே. இதை அவர் ஆம்ப்ளிஃபயரோடு நிறுத்தவில்லை. ஆறாம் மேசையில் மட்டும் அடிக்கடி தப்பு வருகிறது என்று, அங்கே இருந்த கஸ்தூரியைத் தூக்கி இரண்டாம் மேசையில் போட்டு, என்னை ஆறில் போட்டார். நான் தப்புப் பண்ண ஆரம்பித்தேன். "அப்ப கஸ்தூரி இல்ல, மேசதான்" என்று ஏணி வைத்து ஏறினார். மேலே ஓடிய ஃபேனின் வயர் தளர்ந்து பொறி தட்டி மீட்டர் முள்ளை ஆட்டிக்கொண்டிருந்தது. கஸ்தூரி அன்றைக்கு எல்லோருக்கும் கேசரி வாங்கித் தந்தாள்.

போனோ சோதனை என்றால் சாருக்கு உயிர். போனோ என்பது ரெக்கார்டு பிளேயரைச் செருகுகிற இடம். மற்றதெல்லாம் யானை நடக்கிற சத்தம், ரெக்கார்டு ஊசியில் வருவது எறும்பு நடக்கிற சத்தம் என்பார். அந்த எறும்பை யானை ஆக்குவதோடு போனோவின் வேலை முடியவில்லை.

"ரெக்கார்டுல கட்டைச் சத்தத்த அப்படியே பதிஞ்சா ஊசி குதிச்சி வெளிய வந்துடும்மா. அதனால கட்டைய அமுக்கி, கீச்ச ஏத்திப் பதியறான். வூட்டுக்கு வந்ததும் போனோ அத நேர் பண்ணணும். பெட்டியில மடிச்சி வெச்ச பொடவைய ஒதறி கட்டிக்கற மாரி."

ஆகவே ஒவ்வொரு செட்டுக்கும் போனோவில் மூன்று சத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்: கட்டை, நடு, கீச்சு. இடதுக்கு மூன்று, வலதுக்கு மூன்று. ஆறு கட்டத்தில் ஆறு டிக். அதன் பிறகு ஒரு ரெக்கார்டைப் போட்டுக் காதால் கேட்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ரெக்கார்டு, நாதஸ்வரம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை மேளம் கொட்டும். பதினோரு மணிக்கே மொத்தப் பிரிவுக்கும் கல்யாணச் சாப்பாட்டுப் பசி எடுத்துவிடும். சாரே ஒரு நாள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "யாராவது எல போட்டா தேவல" என்றார். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான்.

காலம் போயிற்று. ஸ்டீரியோ செட் விற்பது நின்று, கம்பெனி ஸ்டெபிலைசருக்கு மாறி, பிறகு விளக்குக்கு மாறியது. நானும் கூடவே மாறி, ஓய்வு பெற்றேன். இப்போது ஊரில் ரெக்கார்டு கேட்பது மறுபடி வழக்கமாகியிருக்கிறது. காபிக் கடை வைத்திருப்பவர்கள் பழைய செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக் கொடுக்கிறேன்.

அப்படித்தான் போன கார்த்திகையில் ஒரு போன் வந்தது. கனமான குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி.

"சொல்லுங்க சார்" என்றேன்.

"நான் சார் இல்லம்மா, மதாம். தெரேஸ் மதாம். வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்துல வூடு. எங்க செட்டுல ரெக்கார்டு போட்டா ஒரேடியா உறுமுது. முசியே சாப்புட மாட்டேங்கறாரு."

என் வீட்டுக்காரர் ஏழுமலை என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் தவளக்குப்பத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் கொடுத்த பிறகு நான் எங்கே போனாலும் கூட வருகிறார், வந்து யோசனை சொல்கிறார். நான் கேட்பதில்லை.

வீடு கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. மீன் வாசனையும் உப்புக் காற்றும் மாடி வரைக்கும் வந்தன. கூடத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர், நடுவே ஒரு பிரம்பு நாற்காலி, அதில் மதாமின் கணவர் முசியே அந்துவான். எழுபத்தெட்டு வயது. பிரான்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். இஸ்திரி கலையாத சட்டை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வலது காதை முன்னால் நீட்டிக்கொண்டு, கோழி தானியத்தைப் பார்ப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் அவருக்கு இடப்புறமாகப் போய் வணக்கம் சொன்னேன்.

"பொன்ழூர் மதாம். இந்தப் பக்கம் வந்து பேசுங்க. அந்தப் பக்கம் பீரங்கி."

"பீரங்கியா?"

"எடது காது. பட்டாளத்துல பீரங்கிச் சத்தத்துல போய்டுச்சி. கட்டைச் சத்தம் எதுவும் ஏறாது."

தெரேஸ் மதாம் அவருக்கு இடது பக்கமாக நின்று, போனில் கேட்ட அதே கனத்த குரலில் சொன்னார்: "என் கொரலு ஏறாதாம். என் தங்கச்சி வந்து கீச்சுக் கொரல்ல பேசுனா ஏறுமாம்."

முசியே திரும்பவில்லை. ஏறவில்லை போலிருக்கிறது.

செட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கம்பெனி செட். முன்பக்கத் தகடு மங்கிப்போயிருந்தது, மற்றபடி அலுங்காமல் இருந்தது. பெருமை பொங்க, "இது நாங்க செஞ்சது. நான் பாத்து உட்டது ஒண்ணுகூட..." என்று ஆரம்பித்தேன். ஏழுமலை இருமினார். நிறுத்திக்கொண்டேன்.

உறுமல் பெரிய நோய் இல்லை. போனோவில் இருந்து பிளேயர் வயரைப் பிடுங்கிவிட்டு, சத்தம் எதையும் உள்ளே விடாத அடைப்பு பிளக் இரண்டைச் செருகினேன். உறுமல் நின்றது. அப்படியானால் ஆம்ப்ளிஃபயர் குற்றவாளி இல்லை. பிளேயரில் இருந்து வரும் எர்த் வயரை இழுத்துப் பார்த்தேன். பச்சைப் பாசி பிடித்துக் கையோடு வந்தது. கடல் காற்று தின்றிருந்தது. பிளேடால் சுரண்டி, முறுக்கி, இறுக்கினேன். பத்து நிமிடம். உறுமல் போயே போய்விட்டது.

"மெர்சி, மெர்சி" என்று முசியே கை கூப்பினார். மதாம் காபி கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

கிளம்பாமல், பழைய பழக்கத்தில், "ஒரு ரெக்கார்டு போட்டுக் கேட்டுட்டுப் போறேன்" என்றேன். முசியே பிரான்சில் இருந்து கொண்டுவந்த ஒரு ரெக்கார்டைக் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தார். ஒரு பெண் பாடினாள். வலது ஸ்பீக்கரில் கூடம் நிறைந்தது. இடது ஸ்பீக்கரில் அவளுக்குத் தொண்டை இருந்தது, நெஞ்சு இல்லை. தகர டப்பாவுக்குள் நின்று பாடுகிற மாதிரி.

"எடது பக்கம் பேஸே இல்லீங்களே முசியே?"

"அது என் காது மதாம். சொன்னேன் இல்ல."

"எனக்கும் அப்படித்தான் கேக்குது."

முசியே என்னை நெடுநேரம் பார்த்தார். கண்ணில் உண்மையான இரக்கம்.

"உங்களுக்கும் எடது காது போய்டுச்சா?"

நான் பிளேயர் வயரை இடம் வலம் மாற்றிச் செருகினேன். தகர டப்பா இடது பக்கமே நின்றது. பிளேயரில் குறை இல்லை. ஏழுமலையின் செல்போனை வாங்கி டேப் என்று எழுதியிருந்த இடத்தில் செருகினேன். அவரிடம் இருந்தது அம்மன் கோயில் பம்பைப் பாட்டு. அந்தக் கூடத்தில் அதற்கு முன் பம்பை அடித்திருக்காது. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரி இடித்தன, அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அப்படியானால் ஸ்பீக்கரிலும் குறை இல்லை. குறை போனோவின் இடது பக்கத்தில், பெட்டிக்குள்ளே.

"டேப்பு, ரேடியோ ஏதாவது இதுல கேட்டிருக்கீங்களா முசியே?"

"நோன். நான் ரெக்கார்டு மட்டும்தான்."

"இந்தச் செட்டு வாங்குன நாள்லேர்ந்து எடது பக்கம் இப்படித்தானா?"

"செட்டு இல்ல மதாம், காது. பீரங்கி."

விளக்கிச் சொன்னேன். நம்பவில்லை. பம்பைச் சத்தத்தை வலது காதால்தான் கேட்டதாகச் சாதித்தார். இடது ஸ்பீக்கரையும் வலது ஸ்பீக்கரையும் மாற்றிக் காட்டலாம் என்றால், வயரைச் செட்டின் பின்பக்கம் வரை நீளம் விடாமல் சுவரோடு ஆணியடித்துச் சுண்ணாம்பும் பூசியிருந்தார்கள். யோசித்துக்கொண்டிருந்தபோது ஏழுமலை வாயைத் திறந்தார்.

"ஸ்பீக்கர மாத்த முடியலன்னா ஆள மாத்திப் போட்டுடறது."

எனக்குப் புரிவதற்குள் தெரேஸ் மதாமுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்து, முசியேயோடு சேர்த்து ஒரே திருப்பு. எழுபத்து நான்கு வயதில் அந்தப் பலம் எங்கே இருந்ததோ. முசியே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், எதிரே வேளாங்கண்ணி மாதா படம்.

"கண்ண மூடிக்க" என்றார் மதாம், வலது காதில். "எந்தப் பக்கம் டப்பா மாரி கேக்குதுன்னு கைய வையி."

நான் அதே ரெக்கார்டைப் போட்டேன். முசியே கண்ணை மூடினார். கை பழக்கத்தில் இடது காதுக்குப் போயிற்று. அங்கே தயங்கியது. மெதுவாக இறங்கி, மடியில் கொஞ்ச நேரம் இருந்து, வலது காதுக்கு ஏறியது. கையை அங்கே வைத்துக்கொண்டே கண்ணைத் திறந்து மாதாவைப் பார்த்தார்.

"செவுத்துல பட்டு வருது" என்றார். குரலில் உறுதி இல்லை.

மதாம் என் பக்கம் திரும்பினார். "நீ தொறந்து பாரும்மா. நான் வாழக்கா பஜ்ஜி போடறேன்" என்று சமையலறைக்குப் போனார்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே உப்புப் பூத்த தூசி, பரம்பரையாக வாழ்ந்து செத்த கரப்பான்கள். பிரஷ்ஷால் ஒதுக்கிவிட்டு போனோ பலகையைப் பார்த்தேன். இடதும் வலதும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எதிலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். கட்டைச் சத்தத்தை மீட்டுத் தருகிற ரெசிஸ்டருக்கு வந்தேன். வலதில் அதன் மேல் ஆரஞ்சு, ஆரஞ்சு, மஞ்சள் கோடு. இடதில் ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு. மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆரஞ்சு. அவ்வளவுதான். அந்த ஒரு கோட்டில் அளவு பத்தில் ஒன்றாகிவிடும். நடுச் சத்தமும் கீச்சும் ஏறக்குறைய சரியாகவே வரும், கட்டை மட்டும் வராது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

இது பிறவிக் குறை. கம்பெனியை விட்டு வரும்போதே இருந்திருக்கிறது. கட்டைச் சத்தம் கொடுத்துப் பார்த்திருந்தால் மீட்டர் முள் கத்தியிருக்கும். எந்தக் கழுதை பார்க்காமல் பாஸ் போட்டது என்று டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஒட்டியிருந்த சோதனை ஸ்டிக்கரைத் துடைத்தேன்.

ஆறு கட்டம், ஆறு டிக். கீழே தேதி. அதற்குக் கீழே சகுந்தலா என்று என் கையெழுத்து, பள்ளிக்கூடத்துக் கொம்புச் சுழி மாறாமல்.

ஏழுமலை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏ, இது நான் உன்னப் பொண்ணு பாக்க வந்த தேதி இல்ல?"

வருடா வருடம் நான் ஞாபகப்படுத்தியும் அந்த மனிதருக்கு நினைவில் நின்றதில்லை. அன்றைக்கு நின்றது.

எனக்கு எல்லாம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணிக்குக் கிளம்ப அனுமதி வாங்கியிருந்தேன். வாசலில் லாரி நின்றது. கடைசி செட்டுக்கு நடுச் சத்தம் மட்டும் கொடுத்தேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காட்டியது. ஆறு டிக்கையும் ஒரே மூச்சில் போட்டேன். அந்த ஒரு தடவை நாதஸ்வரமும் வைக்கவில்லை. சண்முகவேலு சார் வந்து, "எல்லாம் பாத்தாச்சாம்மா?" என்றார். "ஆச்சு சார்." "அப்படின்னா சரி. நல்ல நாளு, கெளம்பு." என்னிடம் எதுக்கு ஓகே என்று அவர் கேட்காமல் விட்டது அன்றைக்கு மட்டும்தான். தவளக்குப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தது ஆறரைக்கு. அந்த அவகாசத்தில் பத்து செட் பார்த்திருக்கலாம்.

"மூடிடு" என்றார் ஏழுமலை தாழ்ந்த குரலில். "ரெசிஸ்டர மாத்து, ஸ்டிக்கர கிழி. யாருக்குத் தெரியப் போவுது?" சொல்லிக்கொண்டே நகத்தால் ஸ்டிக்கரின் ஒரு மூலையை நெம்ப ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் முசியே நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டு என் அருகே வந்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"மதாம், ஒரு வார்த்த. மாத்தாதீங்க. அப்படியே உட்டுடுங்க."

"ஏன் முசியே?"

"நான் பட்டாளத்துல ரொட்டி சுட்டேன். பதினஞ்சி வருஷம், ரொட்டி. திரும்பி வந்த கூட்டாளிங்க ஒண்ணா ஒக்காந்தா ஒருத்தன் அடிபட்ட காலக் காட்றான், ஒருத்தன் தோளக் காட்றான். எனக்குக் காட்ட ஒண்ணும் இல்ல. அப்புறம்தான் இந்தச் செட்ட வாங்குனேன். எடது பக்கம் சரியா கேக்கல. அப்ப பீரங்கி ஞாபகம் வந்துது."

"நெசமாவே பீரங்கி வெடிச்சிதா?"

"வெடிச்சிதே! ஜூலை பதினாலு, பிரான்சு தேசத் திருநாளுக்கு மரியாதையா வெடிப்பாங்க இல்ல. நான் பக்கத்துல ரொட்டிக் கூடையோட நின்னுனு இருந்தேன். பொய்யின்னு யாரும் சொல்ல முடியாது." இடது காதைத் தடவிக்கொண்டே, "முப்பது வருஷமா என்ன காது போனவன்னுதான் எல்லாருக்கும் தெரியும் மதாம்" என்றார்.

அவருக்குக் காது வேண்டும், எனக்கு என் பேர் வேண்டும். ஒரு ஸ்க்ரூவைத் திருகி மூடிவிட்டால் இரண்டும் காப்பாற்றப்படும். உறுமலுக்குத்தான் கூப்பிட்டார்கள், உறுமல் போய்விட்டது. நான் மூடியைக் கையில் எடுத்தது உண்மை. இதை எழுதச் சொன்ன பெண்களுக்காக மறைக்காமல் எழுதுகிறேன், முதல் ஸ்க்ரூவை வைத்துத் திருகவும் செய்தேன்.

பஜ்ஜித் தட்டோடு மதாம் வந்து நின்றார். முசியே விட்டத்தைப் பார்த்தார். ஏழுமலையின் நகம் ஸ்டிக்கருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. நான் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தேன். மாவு தின்ற பூனைகள் மாதிரி மூன்று பேரும்.

"இன்னா, கண்டுபுடிச்சியாம்மா?"

"கண்டுபுடிச்சிட்டேன் மதாம்."

"யாரு தப்பு?"

கம்பெனி தப்பு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அது பாதி உண்மையும்கூட. ஆனால் அவர் அந்தக் கனத்த குரலில் கேட்டார். அந்தக் குரலை இந்த வீட்டில் முப்பது வருடமாக ஒரு பக்கத்துக் காது ஏற்றுக்கொள்ளவில்லை, நான் போட்ட ஒரு டிக்கால்.

"என் தப்பு" என்றேன். மூடியை மறுபடி எடுத்து, ஸ்டிக்கரைக் காட்டி, பெண் பார்க்க வந்த கதை வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஆறரை மணி உட்பட. ஏழுமலை நெளிந்தார்.

மதாம் தட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப இவரு காது இல்ல."

"இல்ல மதாம்."

"பீரங்கி இல்ல."

"ரெசிஸ்டர்."

"அது எத்தாம் பெருசு?"

நான் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அதைக் கழற்றி எடுத்து, ஆற வைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தேன். சீரகச் சம்பா அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. அவர் அதை முசியேயின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இதான் உன் பீரங்கியா?"

முசியே அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தார். பதினைந்து வருடம் ரொட்டி சுட்டவர், யோசிக்க வேண்டுமானால் ஏதாவது தின்ன வேண்டும் போலிருக்கிறது.

என் டப்பாவில் சரியான ரெசிஸ்டர் இருந்தது. வைத்துப் பற்ற வைத்தேன். பிறகு, அவர்கள் காத்திருக்கட்டும் என்று, கட்டை, நடு, கீச்சு மூன்றையும் செல்போனில் இருந்து மெல்லிய அளவில் கொடுத்து, இடதும் வலதும் மீட்டரில் பார்த்தேன். ஆறும் பார்த்தேன். பழைய ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை. அதன் பக்கத்தில் புதிதாக ஒன்று ஒட்டி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

அதே ரெக்கார்டு. முசியேயின் நாற்காலி பழைய இடத்தில், பழைய பக்கம் பார்த்து. அந்தப் பெண் பாடத் தொடங்கினாள். இரண்டாவது வரியில், இடது பக்கத்தில் இருந்து ஒருவன் பெரிய தந்தி வாத்தியத்தை விரலால் தட்டிக்கொண்டு கூட நடந்து வந்தான், நிதானமாக, கனமாக.

முசியே எழுந்தார். இடது ஸ்பீக்கருக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"இது யாரு?"

"வாசிக்கறவரு முசியே."

"இவன் எப்ப வந்தான்?"

"மொதல்லேர்ந்தே இருக்காரு. உங்களுக்குத்தான் கேக்கல."

பாட்டு முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் திரும்பி அலமாரியைப் பார்த்தார், தரையில் இருந்து தலை உயரம் வரை ரெக்கார்டு. "அப்ப இது அத்தினியும் நான் பாதிதான் கேட்டிருக்கேன்" என்றார். "எல்லாத்தையும் மொதல்லேர்ந்து கேக்கணும்."

தெரேஸ் மதாம் ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு போய் அவருக்கு இடது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை, மெல்லியதாக்கவும் இல்லை.

"நானும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டா?"

"என்னது?" என்று முசியே பழக்கத்தில் வலது காதை நீட்டினார். பாதியில் நிறுத்தி, நேராகத் திரும்பினார். "சொல்லு" என்றார்.

நாங்கள் பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டோம்.

இரண்டு நாள் எனக்கு மனசு சரியில்லை. சண்முகவேலு சாருக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது, மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்து ஒப்புக்கொண்டேன்.

"வூட்டுக்காரர் நல்லா வெச்சிக்கறாராம்மா?" என்றார்.

"நல்லா வெச்சிக்கறார் சார்."

"அப்படின்னா அன்னிக்குப் பாத்த ரெண்டுல ஒண்ணு ஓகே" என்று போனை வைத்தார்.

முசியேயை நினைத்துத்தான் பயந்தேன். கூட்டாளிகள் நடுவே இனி எப்படி உட்காருவார் என்று. அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். காது எப்போதும் நன்றாகத்தான் இருந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. பீரங்கி பறித்த காதை முப்பது வருடம் கழித்து ஒரு அம்மாள் வந்து ஒரு மணி நேரத்தில் குணமாக்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கத்தி இல்லை, மருந்து இல்லை, அரிசி அளவில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார் என்று. அந்தக் கடைசிப் பகுதியில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. இப்போது கூட்டத்தில் கால் காட்டுபவனையும் தோள் காட்டுபவனையும் யாரும் பார்ப்பதில்லையாம்.

போன வாரம் காலையில் ஒரு பெரியவர் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். இவரும் சொல்தா. முசியே அந்துவான் அனுப்பினார் என்றார். வலது முழங்கால் மடங்கவில்லையாம்.

"முசியே, நான் ஆம்ப்ளிஃபயர் மட்டும்தான் பாக்கறது" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். கைத்தடியை ஊன்றி ஆட்டோவுக்குத் திரும்பினார்.

"சரி மதாம். ஒண்ணு வாங்கினு வரேன்" என்றார்.